முதல் பக்கத்தில் மிருதுளா

யூனிஸ் நான்கு வருடங்களில் ஒரு போன் விளையாட்டுக்காக முப்பத்தேழு லெவல்கள் செய்திருந்தாள். கிண்டியில் இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் வேலை. காலையில் தாம்பரம் சானடோரியத்தில் ரயில் ஏறினால் இறங்கும்வரை போனில் அந்த விளையாட்டுதான். பெட்டிகளைத் தள்ளிக்கொண்டுபோய்க் குறித்த கட்டங்களில் நிறுத்தினால் கதவு திறக்கும். தள்ளத்தான் முடியும், இழுக்க முடியாது. யார் வேண்டுமானாலும் சொந்தமாக ஒரு லெவல் செய்து மற்றவர்கள் ஆடப் பகிரலாம். வாரம் ஒரு லெவலைத் தேர்ந்தெடுத்து விளையாட்டின் முதல் பக்கத்தில் வைப்பார்கள். யூனிஸுடையது ஒன்றுகூட அங்கே வந்ததில்லை.

மிருதுளாவுக்கு இதைச் சொல்லிக்கொடுத்ததே அவள்தான். மிருதுளா சிட்லபாக்கத்தில் அவள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கும் பெண். ரயிலில் பக்கத்தில் உட்கார்ந்து எட்டிப் பார்த்துப் பழகியவள். மார்ச்சில் தன் முதல் லெவலைச் செய்தாள். நடுவில் ஏரி, சுற்றிலும் பெட்டிகள். அடுத்த திங்கட்கிழமை அது முதல் பக்கத்தில் இருந்தது.

"அக்கா, பாத்தீங்களா? எல்லாம் உங்களாலதான்!"

"சூப்பர்டி" என்றாள் யூனிஸ். பல்லாவரம் வரைக்கும் அந்தச் சிரிப்பை முகத்தில் நிறுத்திவைக்கப் பெரும்பாடாகிவிட்டது.

மோசமாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டுதான் மதியம் அதை ஆடினாள். நன்றாக இருந்தது. கடைசிப் பெட்டியைக் கதவை விட்டு விலக்கித் தள்ளினால்தான் வழி கிடைக்கும். அவளுக்கு ஒருநாளும் தோன்றாத யோசனை. வீட்டில் அவள் கணவன் எபியும் அதை ஆடியிருந்தான்.

"அந்தப் பொண்ணோடத முடிச்சிட்டேன். செமயா இருக்கு" என்றான்.

யூனிஸின் முப்பத்தேழில் ஒன்றைக்கூட அவன் முடித்ததில்லை.

புதன்கிழமை அவள் ஓர் ஓட்டையைக் கண்டுபிடித்தாள். இடப்பக்கப் பெட்டியை முதலிலேயே மேலே தள்ளிவிட்டால், அறுபது நகர்வுகள் வேண்டிய கதவு ஒன்பதில் திறந்துவிடும். மிருதுளாவிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. 'நீலக்கல்' என்று புதுக் கணக்கு ஒன்றைத் தொடங்கி, லெவலின் கீழே எல்லோரும் பார்க்க எழுதினாள்: "ஒன்பதே நகர்வு. இதையா முதல் பக்கத்தில் வைத்தீர்கள்?" வழியையும் போட்டுக் காட்டினாள். சாயங்காலத்துக்குள் ஊரே சிரித்தது.

மறுநாள் மிருதுளா வீங்கிய கண்களோடு வந்தாள். "டெலீட் பண்ணிடட்டுமாக்கா?"

'பண்ணிடு' என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. "உன் இஷ்டம்" என்றாள் யூனிஸ்.

மிருதுளா அழிக்கவில்லை. இரண்டு நாள் உட்கார்ந்து, ஒரு கட்டத்தில் சுவர் வைத்து ஓட்டையை அடைத்து மறுபடி பகிர்ந்தாள். கீழே எழுதியிருந்தாள்: "நீலக்கல்லுக்கு நன்றி. இதை என்னைவிடக் கவனமாக ஆடியவர் அவர் ஒருவர்தான்."

ஞாயிறு ஆராதனை முடிந்து சர்ச் வாசலில் நிற்கும்போது யூனிஸ் அதைப் படித்தாள். நீலக்கல்லைப் பாராட்டி இருநூறு பேருக்கு மேல் எழுதியிருந்தார்கள். யூனிஸ் என்ற பெயருக்கு இந்த நான்கு வருடத்தில் ஒருவர்கூட அப்படி எழுதியதில்லை. இல்லாத அந்த ஆள்மேலும் அவளுக்குப் பொறாமை வந்தது. வந்ததும் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

திங்கட்கிழமை பிளாட்பாரத்தில் சொன்னாள். "மிருது, அந்த நீலக்கல் நான்தான்."

மிருதுளா சிரித்தாள். யூனிஸின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். "என்கிட்ட நேரா சொல்லியிருக்கலாமேக்கா?"

"மனசு வரல. நீ முதல் பக்கத்துல வந்தத என்னால தாங்க முடியல."

ரயில் வந்தது. மிருதுளா ஏறிப்போய், பக்கத்தில் இடமில்லாத ஓரத்தில் உட்கார்ந்தாள். மூன்று வாரம் பேச்சில்லை.

நான்காவது வாரம் யூனிஸின் போனுக்கு, இன்னும் பகிரப்படாத ஒரு லெவல் வந்தது. "இதுல எங்க ஓட்டை இருக்குன்னு பாருங்க. இந்தத் தடவை என்கிட்டயே சொல்லுங்க."

திறந்து ஆடினாள். முதலாவதைவிட இது நன்றாக இருந்தது. வயிறு எரிந்தது. மீனம்பாக்கம் தாண்டுவதற்குள் இரண்டு ஓட்டைகள் அகப்பட்டன. இரண்டையும், அடைக்கும் வழியோடு, மிருதுளாவுக்கு எழுதி அனுப்பினாள்.