திட்டு நின்றால் சங்கிலி நிற்க வேண்டும்

வீட்டுக்கும் மதிலுக்கும் நடுவே இருந்த சந்தில் ஓர் ஆள் பக்கவாட்டில் திரும்பினால்தான் நுழைய முடியும். அதன் கடைசியில், சமையலறை வாசலை ஒட்டி, என்றைக்கோ வெட்டிய மரத்தின் அடிக்கட்டை சட்டமாக உட்கார்ந்திருந்தது. வேர்கள் கிளம்பிச் சமையலறைத் தரையைத் தூக்கிவிட்டன. இயந்திரம் வைத்திருப்பவர்கள் வந்து பார்த்துக் கையை விரித்த பிறகுதான் இவர்களைக் கூப்பிட ஆள் வந்தது.

கட்டை பிடுங்குவது இவர்கள் புருஷனும் பெண்டாட்டியுமாகச் செய்கிற தொழில். அவனுக்குத் தெருவில் பீரோ என்று பெயர். பார்த்தால் காரணம் கேட்க வேண்டியதில்லை. அவள் ஒல்லி. அதனால் சந்துக்குள் அவள், சந்து வாயில் அவன். அவள் மண்ணைத் தோண்டி, வேர்களை வெட்டி, கட்டையில் சங்கிலியைச் சுற்றுவாள். தெருவில் நிறுத்திய வண்டியில் மறுமுனையைக் கட்டி, செயின் பிளாக் என்கிற இழுவைக் கருவியின் கைப்பிடியை இழுத்து இழுத்து அவன் அதை அசைப்பான்.

இழுக்கிறவனுக்குக் கட்டை தெரியாது. நடுவில் ஏசிப் பெட்டியும் தண்ணீர்க் குழாய்களும் மறைக்கும். அதற்கு அவர்களிடம் ஓர் ஏற்பாடு இருந்தது. உள்ளே இருக்கிறவரைக்கும் அவள் அவனைத் திட்டிக்கொண்டே இருப்பாள். அவன் குறட்டை, அவன் அக்கா, துவைக்கப் போடும் சட்டைப் பையில் அவன் மறந்துவிடும் ஆணிகள் என்று பொருளுக்குப் பஞ்சமில்லை. 'பெரிய மனுஷரே, வாங்க போங்க' என்று மரியாதை குறையாமல்தான் திட்டுவாள். அவள் வாய் நின்றால் அவன் கை நிற்க வேண்டும். இத்தனை வருஷத்தில் அவனுக்குத் திட்டு ஒரு தாலாட்டு மாதிரி ஆகிவிட்டிருந்தது.

இன்றைக்கு அவள் பேசவில்லை.

இன்று மகளுக்குப் பள்ளியில் ஓட்டப்பந்தயம். இரண்டு பேரும் வந்து கைதட்டுவோம் என்று சொல்லியிருந்தார்கள். நாளைக்குத் தரை போட ஆள் வருகிறான், இன்றே எடுத்தாக வேண்டும், முடியாவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று வீட்டுக்கார அம்மா சொன்னதும், பெண்டாட்டியை ஒரு வார்த்தை கேட்காமல் அவன் தலையை ஆட்டிவிட்டு வந்தான். இரவே அவள் வாயைப் பூட்டிக்கொண்டாள். காலையில் மகளுக்குத் தலை பின்னும்போதும் சீப்பு மட்டும்தான் பேசியது.

கோபம் மண்வெட்டியில் இறங்கட்டும், மதியத்துக்குள் சரியாகிவிடும் என்று அவன் நினைத்தான். "இழுங்க" என்று ஒரு சொல் வந்தது. இழுத்தான். சங்கிலி விறைத்தது. உள்ளே வேர் முறுகுகிற சத்தம். மேலும் இழுத்தான். ஏதோ பட்டென்று தெறித்தது, மதில் அதிர்ந்தது, சங்கிலி தொய்ந்து தரையில் விழுந்தது.

கூப்பிட்டான். பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டான். சந்துக்குள் தோளைச் செருகிப் பார்த்தான். மார்பு இரண்டு சுவருக்கும் நடுவே இறுகி நின்றுவிட்டது. உருவிக்கொண்டு முன்வாசலுக்கு ஓடினான்.

வீட்டுக்கார அம்மா கதவருகே நின்றாள். அவளுக்குப் பின்னால் கூடம் கண்ணாடியாகப் பளபளத்தது. சமையலறை வழியாகப் பின்பக்கம் போக வேண்டும், பெண்டாட்டி பேச்சு மூச்சில்லாமல் இருக்கிறாள் என்று மூச்சு வாங்கச் சொன்னான்.

"ஐயையோ, போப்பா, போ. ஒரு நிமிஷம் இரு, காலெல்லாம் சேறா இருக்கு. பாலிஷ் போட்டு ரெண்டு நாள்கூட ஆகல. சாக்கு விரிச்சிடறேன்."

அவன் நின்றான். ஏன் நின்றான் என்று பிறகு எவ்வளவு யோசித்தும் அவனுக்கே விளங்கவில்லை. அந்த அம்மா சாக்கைத் தேடிப் போனாள். வாசற்படியில் அவன் கால்விரல்கள் மடங்கி மடங்கி நிமிர்ந்தன.

அப்போது வீட்டின் பின்பக்கத்திலிருந்து யாரோ மண்ணைத் துப்புகிற சத்தம் கேட்டது. பிறகு குரல்.

"பெரிய மனுஷரே! வாயை மூடினா நிறுத்தணும்னு தெரியாதா உங்களுக்கு?"

அவன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டான்.

"நேத்து ராத்திரியிலேருந்து மூடித்தானே வச்சிருக்கே, எது கோபம், எது நிறுத்தச் சொல்றதுன்னு நான் எப்படிக் கண்டேன்?" என்று கத்தினான். 

 உள்ளே அவள் சிரித்தாள். குழிக்குள் குப்புற விழுந்து வாய் நிறைய மண், கட்டை உருண்டு சேலைத் தலைப்பைத்தான் பிடித்திருக்கிறது, கணுக்கால் கொஞ்சம் வீங்கியிருக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் அவன் வம்சத்தில் ஒருவரைத் திட்டினாள். அவன் ஒன்றையும் விடாமல் கேட்டான்.

வீட்டுக்குள் வழியாக வா, நொண்டிக்கொண்டு சந்தில் வர வேண்டாம் என்றான். வீட்டுக்கார அம்மா சாக்கோடு வந்து நின்றாள். அது கதவிலிருந்து சோபா வரைகூட எட்டாது.

"வேணாம். வந்த வழியாவே வரேன்" என்றாள் அவள் பின்னாலிருந்து.

சாக்கு மறுபடி சுருண்டது.

சுவரில் முதுகை உரசிக்கொண்டு, ஒரு காலை இழுத்து இழுத்து, வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தாள். சந்து வாயில் அவன் இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொண்டான். அவள் தலையிலிருந்த மண்ணைத் தட்டினான். கட்டையைத் துண்டு போட்டு வெளியே எடுக்க இன்னும் வேலை இருந்தது. பள்ளிக்கூடத்தில் பந்தயம் இந்நேரம் முடிந்திருக்கும்.  முன்வாசல் படியில் அவளை உட்காரவைத்து, வீங்கிய காலைத் தன் மடியில் எடுத்து வைத்துத் தண்ணீர் ஊற்றினான்.

அந்த வீட்டு நாய் குழிக்குள் இறங்கிப் புரண்டுவிட்டுச் சமையலறை வழியாக உள்ளே வந்தது. பளபளத்த கூடத்தில் ஒவ்வொரு காலாகப் பதித்து நடந்து, சோபாவில் ஏறி, சேற்று வயிற்றைக் காட்டிப் படுத்தது. "போக்கிரிப் பய" என்று வீட்டுக்கார அம்மா செல்லமாக அதன் காதைத் திருகுவது படிவரை கேட்டது.