எண்ணி முடியாத ஒற்றை முனைகள்

காந்தத்தை எத்தனை துண்டாக உடைத்தாலும் ஒவ்வொரு துண்டுக்கும் இரண்டு முனை இருக்கும். பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். ஆனால் புருஷனும் பெண்டாட்டியுமான இந்த இரண்டு இயற்பியல்காரர்களும் ஒற்றை முனையைத்தான் தேடினார்கள், அதுவும் குவார்க்-குளுவான் குழம்புக்குள். அணுக்கருக்கள் மோதி உருகும்போது கண்ணிமைப்பதற்குள் தோன்றி அவிந்துபோகிற குழம்பு அது. அந்தக் கொடுஞ்சூட்டிலும் ஏன் அப்படி வழுக்கி ஓடுகிறது? உள்ளே ஒற்றைக் காந்தமுனைகள் மொய்த்துக் கிடப்பதால்தான் என்பது இவர்கள் கட்சி. கணினியில் குழம்பை உருவாக்கி முனைகளை எண்ணுவது வேலை.

வேலையா அது, பிசாசு. அவளுடைய அம்மா தொலைதூரத்தில் படுத்த படுக்கையாகிவிட்டாள். இவள் பெட்டியை எடுக்கும்போதெல்லாம் அவன் சொல்வான்: "இந்தக் கணக்கு முடியட்டும். நீ இல்லாம யாரு பாக்கறது? முடிஞ்சதும் ரெண்டு பேருமாப் போவோம்."

அம்மாவும் ஃபோனில், "வேலையக் கெடுத்துக்காதடி. நான் எங்க போயிடப் போறேன்" என்றாள். போய்விட்டாள். மகள் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அம்மாவைப் பறிகொடுத்ததற்கு இதாவது மிஞ்சட்டும் என்று, திரும்பி வந்து அந்தக் கணக்கையே கட்டிக்கொண்டு அழுதாள்.

இன்று மதியம், கட்டுரையை அனுப்பும் முன் கடைசியாக ஒரு சோதனை செய்தாள். முனைகளை அடையாளம் காணும் முறையை மாற்றி, அதே குழம்பை மறுபடி எண்ணினாள். நிஜமாகவே இருப்பவை என்றால் எந்த முறையில் எண்ணினாலும் ஏறக்குறைய அதே அளவு வரவேண்டும். முந்தைய எண்ணிக்கையில் மொய்த்துக் கிடந்தவை இப்போது அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் வந்தன.

"இங்க வாயேன்" என்று கூப்பிட்டாள்.

அவன் வந்து திரையைப் பார்த்தான். இத்தனை வருட உழைப்பு மண்ணாய்ப் போனதைப் பார்க்கிறவன் பதற வேண்டாமா? இவனோ நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான்.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"ம்."

"எப்ப இருந்து?"

"அத்தை படுக்கைல கிடந்தப்ப நானும் இப்படி எண்ணிப் பாத்தேன். இதேதான் வந்துச்சு. சொன்னா நீ கிளம்பிப் போயிடுவே, அப்புறம் திரும்பியே வரமாட்டியோன்னு பயம்."

"எங்கம்மாவப் பாக்கத்தானே போயிருப்பேன்?" என்றாள் அவள். "பாத்துட்டு உங்கிட்டதானேடா வந்திருப்பேன்."

அவன் அழுதான். அவள் கையைப் பிடிக்க வந்தான். "அத்தைக்கு நான் செஞ்சது..."

அவள் கையை இழுத்துக்கொண்டாள்.

"எங்கம்மாவ இனிமே அத்தைன்னு சொல்லாதே" என்றாள்.