சித்திரையில் அடித்த தந்தி

தேயிலைத் தோட்டத்து அம்மாக்கள் வருஷத்துக்கு ஒரு தடவையாவது சாகக் கிடப்பார்கள். அதுவும் திருவிழா நெருங்கும்போதுதான். கொழும்பில் வீட்டு வேலைக்கும் கடை வேலைக்கும் போயிருக்கிற பிள்ளைகளுக்குத் தீபாவளிக்கு லீவு கிடைக்கும், பொங்கலுக்குக் கிடைக்கும். மாரியம்மன் தேருக்கு எந்த மகராசன் லீவு கொடுக்கிறான்? ஆகவே ஒரு தந்தி. 'மதர் சீரியஸ். ஸ்டார்ட் இமீடியட்லி.' தபால் கந்தோரில் இருந்த ஐயாவுக்கு அந்த நாலு வார்த்தையும் மனப்பாடம். படிவத்தைக் கையில் வாங்கும்போதே, "இந்த வருஷம் அம்மாவா, அப்பாவா?" என்று கேட்பார்.

1997 சித்திரையில் நாகலெட்சுமியின் மகளுக்குப் போன தந்தியும் அந்த வகைதான். அதை எழுதிக் கொடுத்தவள் பெற்றீசியா.

பெற்றீசியா கொட்டகலைப் பக்கம் கன்னியாஸ்திரிகள் நடத்திய ஆறுதல் இல்லத்தில் வேலை பார்த்தாள். எட்டுக் கட்டில். இனிப் பிழைக்க மாட்டார்கள் என்று ஆஸ்பத்திரி கைவிரித்தவர்களை வலியில்லாமல் வைத்திருந்து வழியனுப்புகிற இடம். நோயாளியை நர்ஸ்மார் பார்ப்பார்கள். நோயாளியின் வீட்டுக்காரர்களைப் பார்ப்பது பெற்றீசியாவின் பொறுப்பு. முறைத்துக்கொண்டு நிற்கிற மருமகள்களைப் பேச வைப்பது, தோட்டத்துத் துரையிடம் போய் லீவு கேட்பது, படுக்கைப்புண் வராமல் புரட்டிப் போடச் சொல்லித்தருவது, 'இன்னும் எத்தன நாளுங்க?' என்ற கேள்விக்கு ஓடி ஒளியாமல் பதில் சொல்வது. வட்டவளைத் தோட்டத்தில், வரிசை வீடான லயத்துக் காம்பராவில் பிறந்து வளர்ந்தவள் என்பதால் இதெல்லாம் அவளுக்குக் கைவந்தது. ஜனங்கள் அவளை டீச்சர் என்றார்கள். ஒரு நாளும் அவள் வகுப்பெடுத்ததில்லை. கைப்பையும் குடையுமாக வருகிற பொம்பளை டீச்சராகத்தானே இருக்க வேண்டும்!

வேலைக்குச் சேர்ந்த அன்று இல்லத்துத் தலைவி சிஸ்டர் கேத்ரின் ஒன்று சொன்னார். "நம்மகிட்ட மருந்து கொஞ்சந்தான். மிச்சத்துக்கு நம்ம வார்த்தையத்தான் குடுக்கணும். அது கெட்டுப்போகாமப் பாத்துக்க." பெற்றீசியா தலையாட்டிக்கொண்டாள். அந்தக் காலத்தில் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

சித்திரையில் நோர்வூட்டுக்கு மேலே இருக்கிற தோட்டமொன்றுக்கு ஒரு கிழவரைப் பார்க்கப் போயிருந்தபோது, பக்கத்துக் காம்பரா வீரய்யா படிவத்தோடு வந்து நின்றார். "இங்கிலீசு தெரிஞ்சவங்க, ரெண்டு வார்த்த எழுதிக் குடுங்க டீச்சர். எம்மவ கௌசி தேருக்கு வரணும்னு துடிக்கிறா." அவர் மனைவி நாகலெட்சுமி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "நல்லா எழுதுங்க டீச்சர், நான் கண்ண மூடிப் படுத்துக்கிறேன்" என்று சிரித்தாள். நல்ல வாட்டசாட்டமான பொம்பளை. முப்பது கிலோ கொழுந்துக்குக் குறைந்து ஒரு நாளும் நிறுத்ததில்லை என்று பேர். பெற்றீசியா படிவத்தை முழங்காலில் வைத்து எழுதினாள். அனுப்புநர் என்ற இடத்தில் தன் பெயரைப் போட்டாள், படித்தவள் பெயர் இருந்தால் கொழும்புக்காரர்கள் நம்புவார்கள் என்று. பத்து வினாடி வேலை.

கௌசி வந்தாள். தேர் பார்த்தாள். பதினைந்து நாள் கழித்துக் கை நிறைய வளையலோடு திரும்பிப் போனாள்.

ஆடியில் நாகலெட்சுமிக்கு இரத்தம் போகத் தொடங்கியது. பொம்பளைக்கு வருகிறதுதானே என்று அவள் அதை யாரிடமும் சொல்லவில்லை. காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டுக் களத்தில் மயங்கி விழுந்தபோதுதான் தெரிந்தது. கர்ப்பப்பையில் புற்றுநோய். எங்கெங்கோ பரவி முடிந்துவிட்டது. பெரியாஸ்பத்திரியில் ஒரு மாதம் வைத்திருந்துவிட்டு வீட்டுக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். இல்லத்துக்கு வரச் சொன்னால், "ஏங்காம்பராவிலயே கெடக்கிறேன்" என்று மறுத்துவிட்டாள். அதனால் பெற்றீசியா கிழமைக்கு மூன்று நாள் மருந்துப் போத்தலோடு மலையேறினாள்.

ஐப்பசி பிறந்தபோது நாகலெட்சுமியிடம் எலும்பும் கண்ணும்தான் மிச்சம். ஒரு நாள் பெற்றீசியாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "எனக்குக் கணக்குத் தெரியும் டீச்சர். இந்தக் கிழம தாண்டாது. எம்புள்ளைய ஒரு தடவ பாத்துட்டாப் போதும்."

"ஏன் இன்னும் வரல? தந்தி அடிச்சாச்சுன்னீங்களே?" என்று பெற்றீசியா வீரய்யாவைக் கேட்டாள்.

"அடிச்சு எட்டு நாளாச்சுங்க. பதிலே இல்ல."

பெற்றீசியா ஹட்டனுக்கு வந்து, கொம்யூனிகேஷன் கடையொன்றிலிருந்து கொழும்புக்குப் பேசினாள். வெள்ளவத்தை வீடு. யோகராணி என்கிற யாழ்ப்பாணத்து அம்மாதான் எடுத்தார். சண்டையால் இடம்பெயர்ந்து வந்து இரண்டு வருஷமாக அங்கே இருக்கிறவர்.

"சித்திரையிலயும் உப்பிடித்தானே தந்தி வந்தது, தாய் சீரியஸ் எண்டு. நாங்களும் பதறியடிச்சு அனுப்பினம். பெட்டை வளையலும் பொட்டுமாய் வந்து இறங்கினாள். ஒவ்வொரு திருவிழாவுக்கும் செத்துப் பிழைக்கிற சனம்! தீபாவளிக்கு அனுப்புவம், அதுமட்டும் பொறுக்கச் சொல்லுங்கோ." டக்கென்று வைத்துவிட்டார்.

பெற்றீசியாவுக்குக் காது சுட்டது. அந்த அம்மாவைக் குறை சொல்ல ஒரு வார்த்தை கிடைக்கவில்லை. தீபாவளிக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது.

மறுநாள் விடிய முதல் பஸ்ஸில் புறப்பட்டாள். சிஸ்டர் கேத்ரினிடம், "நான் எழுதின பொய், நாந்தான் போய் அவிழ்க்கணும்" என்று மட்டும் சொன்னாள். இரண்டு சோதனைச் சாவடியில் இறக்கி ஏற்றினார்கள். ஒன்றில் அரை மணிநேரம் வரிசை. அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான் ஓர் ஆமிக்காரப் பையன். பத்தரைக்கு வெள்ளவத்தையில் கதவைத் தட்டினாள்.

யோகராணி கதவைப் பாதி திறந்தார். பெற்றீசியா தான் யார் என்று சொல்லி, இல்லத்து முத்திரை குத்திய கடிதத்தை நீட்டினாள்.

"சீல் ஆரும் குத்தலாம்," என்றார் யோகராணி. வாசித்தவர் அடியில் இருந்த பெயரில் நின்றார். "பெற்றீசியா... இந்தப் பேர்தானே சித்திரைத் தந்தியிலயும் கிடந்தது?"

"ஆமாங்கம்மா. அத நாந்தான் எழுதினேன். அது பொய்."

"அப்ப இதுவும் நீங்கள் எழுதினதுதானே?"

சுருக்கென்றது. எத்தனையோ வீட்டு வாசலில் எத்தனையோ பேரின் கோபத்தை வாங்கியவள்தான். அதெல்லாம் மற்றவர்கள் செய்த தப்புக்கு. தன் தப்போடு ஒரு வாசலில் நிற்பது இதுதான் முதல் தடவை. வெட்கம் பிடுங்கித் தின்றது.

"எழுதினது நான்தாங்கம்மா. ஆனா சாகப்போறது நானில்ல. நான் சொன்ன பொய்க்கு அந்த மனுஷியத் தண்டிக்காதீங்க." கைப்பையைத் திறந்து அடையாள அட்டையை எடுத்து, கதவு நிலைப்படியில் வைத்தாள். "இத நீங்க வச்சுக்குங்க. கௌசியோட அம்மா நல்லா இருந்தா, புள்ளைய நானே திரும்பக் கொண்டாந்து விட்டுட்டு இத வாங்கிக்கிறேன்."

யோகராணி அந்த அட்டையைப் பார்த்தார். அந்த வருஷம் கொழும்பில் ஒரு தமிழ்ப் பொம்பளை அட்டையில்லாமல் தெருமுனையைக்கூடத் தாண்ட முடியாது, இரவு பொலீசில்தான். இது அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவருடைய தம்பி அப்படி மூன்று நாள் உள்ளே இருந்தவன்.

"விசரே உங்களுக்கு? இதை விட்டிட்டு எப்பிடி மலைக்குப் போவீங்கள்?" அட்டையை எடுத்துப் பெற்றீசியாவின் உள்ளங்கையில் வைத்து அழுத்தினார். குரல் இறங்கிவிட்டது. "மெய்தானே? ஐயோ, எட்டு நாள்... தந்தியை மேசை லாச்சியிலை போட்டிட்டன். பெட்டைக்குக் காட்டவே இல்லை." உள்ளே திரும்பிக் கத்தினார். "கௌசி! உடுப்பை அடுக்கு!"

கௌசிக்குப் பதினேழு வயது. உடுப்பு அடுக்கச் சொன்னதும் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினாள். பெற்றீசியாவைக் கண்டதும் கண்ணைச் சிமிட்டினாள். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததுதான் தாமதம், காதுக்குள் குசுகுசுத்தாள்.

"டீச்சர், நீங்க கெட்டிக்காரிதான்! அந்த அம்மாவையே ஏமாத்திட்டீங்களே. கல்யாணப் பேச்சுதானே? யாரு மாப்பிள? நோர்வூட் பேக்கரிப் பையனா?"

"மாப்பிள்ளை இல்ல கௌசி. அம்மாவுக்கு ரொம்ப முடியல."

"போங்க டீச்சர்! போன தடவையும் இப்படித்தான எழுதுனீங்க. அப்பா சொல்லித்தான் கூட்டிட்டுப் போறீங்க, எனக்குத் தெரியாதாக்கும்."

அவிசாவளையில் பெற்றீசியா மறுபடியும் சொன்னாள். கௌசி அவள் கன்னத்தைக் கிள்ளினாள். கித்துல்கலையில் நோயின் பெயரைச் சொன்னாள், ஆஸ்பத்திரியில் இருந்த ஒரு மாதத்தைச் சொன்னாள். "அப்படின்னா எனக்கு ஒரு கடுதாசி வந்திருக்குமே," என்றாள் பெண், வழக்குரைஞர் மாதிரி. வராததற்குக் காரணம் இருந்தது. "ஏதோ இடத்துல வேலை செய்யிற புள்ள, அழ வைக்காதீங்க" என்று நாகலெட்சுமியே தடுத்திருந்தாள். அதையும் பெற்றீசியா சொன்னாள். கௌசி புது நகப்பூச்சுப் போத்தலை எடுத்துத் திறந்தாள்.

நாலு வருஷமாகப் பெற்றீசியா எத்தனையோ பேருக்குச் சாவுச் செய்தி சொல்லியிருக்கிறாள். அழுதவர்கள் உண்டு, அடிக்க வந்தவர்கள் உண்டு. சிரித்தவர்கள் இல்லை. கத்தியாவது நம்ப வைக்கலாம்தான். பக்கத்து இருக்கைகளில் ஆட்கள், படியில் ஆமிக்காரன், பஸ்ஸில் சிங்களப் பாட்டு. இந்த இடத்தில் ஒரு பெண்ணை உடைத்துப்போட்டால் அள்ளிக்கொள்ள இரண்டு கை போதாது.

வட்டவளையில் பஸ் நின்றபோது நாலாவது தடவையாகச் சொன்னாள். சத்தமில்லாமல், அவள் முகத்தைப் பார்த்து. "கௌசி, இந்தத் தடவ நான் பொய் சொல்லல. என் தாய் மேல சத்தியம்."

கௌசி இடது கை விரல்களுக்கு நகப்பூச்சுப் போட்டு முடித்திருந்தாள். போத்தலை மூடிப் பைக்குள் வைத்தாள். ஹட்டனில் பஸ் மாறும்போது திரும்பவும் சிரிக்கத் தொடங்கிவிட்டாள். முன்னைவிடக் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தாள்.

லயத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது ஐந்தரை. கொழுந்து நிறுத்துவிட்டு வந்த பொம்பளைகள் பைப்படியில் கால் கழுவிக்கொண்டிருந்தார்கள். வேறு நாளாக இருந்தால், "கொழும்புத் துரைசாணி வர்றா, வழிய விடுங்கடி!" என்று பரிகாசம் கிளம்பியிருக்கும். அன்றைக்கு ஒதுங்கி வழி விட்டதோடு சரி. கௌசி வேகமாக நடந்தாள், பிறகு ஓடினாள்.

காம்பராவுக்குள் வீரய்யா அடுப்போரம் குந்தியிருந்தார். ஜன்னல் பக்கமாகக் கட்டிலில் கம்பளி. கம்பளிக்கு மேலே ஒரு முகம். முடியெல்லாம் உதிர்ந்து, பல் மட்டும் பெரிதாக. கௌசி அந்த முகத்தைப் பார்த்தாள். யாரோ தூரத்துச் சொந்தக்காரக் கிழவியைப் பார்க்கிற மாதிரி ஒரு மரியாதையோடு பார்த்துவிட்டு, அப்பாவிடம் திரும்பினாள்.

"அம்மா எங்கப்பா?"

வீரய்யா வாயில் துண்டைப் பொத்திக்கொண்டார்.

கட்டிலிலிருந்து குரல் வந்தது. குரல் மட்டும் அப்படியே இருந்தது.

"இந்தத் தடவ நெசந்தாண்டி."

கௌசி இரண்டெட்டு பின்னால் வைத்தாள். நிலையில் நின்ற பெற்றீசியா மேல் மோதித் திரும்பினாள். மோதின வேகத்தில் அடித்தாள்; தோளில், மாரில், கைப்பையில். "ஏன் எங்கிட்ட சொல்லல? பஸ்ஸுல அவ்வளவு நேரம் வந்தீங்களே, ஒரு வார்த்த சொன்னீங்களா? சிரிச்சுக்கிட்டே வந்தேனே! சிரிச்சுக்கிட்டே வந்தேனே டீச்சர்!"

வெள்ளவத்தையிலிருந்து வட்டவளை வரைக்கும் நாலு தடவை. ஊர் பேரோடு சொல்லலாம். பெற்றீசியாவின் நாக்கு நுனியில் அது இருந்தது.

"சொல்லல தாயி," என்றாள். "சொல்லியிருக்கணும். தப்பு என்மேலதான்."

கௌசி அடித்து ஓயும்வரை நின்றாள். பிறகு அவள் தோளைப் பிடித்துத் திருப்பிக் கட்டிலோரம் உட்கார வைத்தாள். நாகலெட்சுமியின் கை கம்பளிக்கு வெளியே வந்து மகளின் விரல்களைத் தடவிப் பார்த்தது. "ஒரு கைக்குத்தான் சாயம் பூசியிருக்க?" என்றாள். கௌசி அந்தக் கைமேல் முகத்தை வைத்து அழுதாள். நாகலெட்சுமி அழவில்லை, கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆறு மணி மருந்துக்கு நேரமாகிவிட்டது. பெற்றீசியா பையிலிருந்து போத்தலையும் அளவு மூடியையும் எடுத்தாள்.

"நாலு மணிநேரத்துக்கு ஒருக்கா குடுக்கணும் கௌசி. இந்தக் கோடு வரைக்கும், அதுக்கு மேல வேணாம். மொதல்ல நீ ஊத்து, நான் பாக்குறேன்."

கௌசி மூக்கைத் துடைத்துவிட்டுக் கையை நீட்டினாள்.