சஹனில் வைத்த கை

சூலியா தெருவில் ஒலிபெருக்கி என்ற பேச்சே இல்லாத காலம் அது. தொழுகைக்கு அழைக்கும் பாங்கைச் சொல்ல வேண்டுமென்றால் மோதினார் பள்ளிவாசல் மினாராவின் உச்சிக்கு ஏறி, சொந்த நெஞ்சை நம்பித்தான் சொல்ல வேண்டும். ஐந்து வேளையும் அந்தக் குரலை வைத்தே தெரு எழுந்தது, கடை அடைத்தது, விளக்கேற்றியது.

சந்துப் பள்ளிவாசலின் மோதினார் முழங்கால் வீங்கிப் படுத்துவிட, ஆள் தேடினார்கள். அதைக் கேட்டதிலிருந்து நாகூர் மீரானுக்கு இருப்புக்கொள்ளவில்லை. இருபத்துநாலு வயது. மலாய்க்கரைக்குக் கப்பலேறி வந்து மூன்று வருஷம். கிராம்பு, ஜாதிக்காய் மண்டியில் எடை போடுகிற வேலை. ஊரில் அவன் ஓதினால் போகிறவர்கள் நின்று கேட்பார்கள். இங்கே அந்தக் குரல் மூட்டை எண்ணிக்கொண்டிருந்தது.

"எங்கே, ஏறிச் சொல்லு பாப்போம்" என்றார், அவன் போய்க் கேட்டதும், பள்ளிவாசல் நிர்வாகி அப்துல் அஜீஸ்.

நாற்பத்தோரு சுழல் படிகள். மோதினார் என்றால் ஒல்லியாகத்தான் இருப்பார் என்று கட்டியவர் முடிவு செய்திருக்க வேண்டும். மீரான் வயிற்றை உள்ளே இழுத்து, பக்கவாட்டில் திரும்பி, சுவர்ச் சுண்ணாம்பையெல்லாம் சட்டையில் வாங்கிக்கொண்டு மேலே போய்ச் சேர்ந்தபோது, மூச்சு பாதிப் படியிலேயே நின்றுவிட்டிருந்தது. முதல் வரியிலேயே குரல் உடைந்தது. கீழே சீன ரிக்‌ஷாக்காரர்கூட நிமிர்ந்து பார்த்தார்.

"கொரலு தங்கம், தம்பி. மூச்சுதான் பத்தல" என்றார் அஜீஸ். "கந்தூரி விருந்துக்கு ரெண்டு மாசம் இருக்கு. ஒடம்பக் கொறச்சிட்டு அன்னிக்கு சாயங்கால அசர் தொழுகைக்கு ஏறு. முடியலேன்னா மலாக்காவுலேருந்து ஒருத்தர வரச் சொல்லிருவேன்."

மறுநாள் மண்டித் தராசில் அவனையே ஏற்றினார்கள், அறைத் தோழர்கள் சிக்கந்தரும் முகம்மது சுல்தானும். அந்தத் தராசின் கணக்கில் நூறு காத்தி ஒரு பிக்குல், ஒரு காத்தி அரைக் கிலோவுக்குச் சற்று மேல்.

"ரெண்டு பிக்குலுக்கு நாலு காத்திதான் கம்மி லா!" என்று கூவினான் சிக்கந்தர். "ரெண்டு மூட்ட மொளகு!"

"இவன ஏன் கொறைக்கணும்? இவனுக்கு அளவெடுத்து மினாராவப் புதுசா தைக்கச் சொல்லிருவோம்" என்றான் சுல்தான். அவன் வெற்றிலைக்கொடி மாதிரி ஒல்லி.

மூன்று பேருக்கும் மாடி அறையில் சமைத்துப் போட்ட நூர் பீவி அக்காவுக்குக் கோபம் வந்தது. "என்னத்தக் கொறைக்கிறது? எலும்பும் தோலுமா போட்டோ புடிச்சு அனுப்புனா, உங்க உம்மா காசநோயின்னு ஒப்பாரி வைக்கும். எவன் பொண்ணு குடுப்பான்?" சொல்லிக்கொண்டே இன்னொரு கரண்டி நெய் ஊற்றினாள்.

மீரான் என்னென்னவோ செய்து பார்த்தான். காலையில் கடற்கரைத் திடல்வரை நடந்தான். திரும்பும் வழியில் ஆப்பக்காரர் அடுப்பு மூட்டியிருப்பார். போனபோது கரைந்ததெல்லாம் வரும்போது வந்து சேர்ந்தது. எலுமிச்சைத் தண்ணீரே போதுமென்று ஒரு நாள் இருந்தான். மத்தியானம் ஜாதிக்காய்ச் சாக்கின் மேல் மயங்கி விழுந்தான்.

குறைத்துச் சாப்பிடலாம் என்றால் சஹன் விடவில்லை. மூன்று பேருக்கும் ஒரே பெரிய தட்டு. கூட உண்பவன் பசியோடிருக்க நாம் கையை எடுப்பது மரியாதையில்லை. ஒருவன் எடுத்தால் மற்றவனுக்கும் சோறு இறங்காது. சுல்தானோ ஒவ்வொரு பருக்கையையும் நலம் விசாரித்துவிட்டுத்தான் விழுங்குவான். அவன் முடிக்கும்வரை காத்திருக்கும் மீரானின் கை சும்மா இருக்குமா?

ஒரு வாரம் கழித்து அதிசயமாக, சுல்தானே முதலில் கையை எடுத்தான். "வயிறு நெறஞ்சிருச்சு."

"எனக்குந்தான்" என்றான் சிக்கந்தர்.

மீரானும் எடுத்தான். அன்று முதல் தினமும் அப்படியே நடந்தது. பாதிச் சோறு மிஞ்சி வருவதைப் பார்த்த நூர் பீவி, "என் சமையல்ல என்னடா கொற?" என்று கண்ணைக் கசக்கினாள். தராசில் ஒவ்வொரு காத்தியாகக் குறைந்தது. மொத்தம் பன்னிரண்டு. போதுமா என்று மீரானுக்குத் தெரியவில்லை.

கந்தூரி நாள். மத்தியானச் சாப்பாடு முடிந்து, படபடப்பு தாங்காமல் பின்சந்துப் பக்கம் போனான். அங்கே இடியப்பக்காரரின் கூடை மறைவில் இரண்டு பேர் நின்றபடி அள்ளி அள்ளித் தின்றுகொண்டிருந்தார்கள். சுல்தானும் சிக்கந்தரும்.

"நெறஞ்ச வயித்துக்கா இது?"

சுல்தான் வாயில் இருந்ததை முழுங்கினான். "நாங்க கைய எடுத்தாத்தானேடா நீ எடுப்பே!"

"ரெண்டு மாசமாவா?"

"சில நாளு இடியப்பக்காரரு வர மாட்டாரு லா. அன்னிக்குத்தான் உசுரு போயிரும்" என்றான் சிக்கந்தர்.

மீரான் திரும்பி மினாராவைப் பார்த்தான். இன்றைக்குக் குரல் உடைந்தால் இவர்கள் கிடந்த பசிக்கும் சேர்த்தல்லவா அவன் பதில் சொல்ல வேண்டும்?

அசருக்குக் கால்மணி நேரம் முன்பே படியேறத் தொடங்கினான். இப்போதும் தோள் சுவரில் உரசியது. ஆனால் பக்கவாட்டில் திரும்ப வேண்டியிருக்கவில்லை. இருபதாம் படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினான். முப்பதில் மறுபடி. உச்சியில் சுவரைப் பிடித்துக்கொண்டு, நெஞ்சு அடங்கும்வரை நின்றான். கீழே அண்ணாந்த முகங்களில் இரண்டை அடையாளம் தெரிந்தது.

காதில் விரல் வைத்தான். குரல் எழுந்தது, ஓட்டுக் கூரைகளைத் தாண்டி, கப்பல்களின் பக்கம் போனது. கடைசி வரி சற்றே நடுங்கியது. உடையவில்லை.

"நாளைக்கு விடியக்கால சுபுஹுக்கும் நீதான் ஏறணும்" என்றார் அஜீஸ்.

தொழுகை முடிந்து கந்தூரிச் சோறு வந்தது. நெய்ச்சோறு, தாளிச்சா, ஆட்டுக்கறி. மூவரும் ஒரு சஹனைச் சுற்றி உட்கார்ந்தார்கள். நாலு வாய்தான் ஆகியிருக்கும், சுல்தான் பழக்கதோஷத்தில் கையைத் தூக்கினான்.

மீரான் இடது கையால் அவன் மணிக்கட்டைப் பிடித்துக் கீழே இறக்கினான். "தின்னு. நீங்க முடிக்கிறவரைக்கும் என் கை இங்கனயே கெடக்கும்."

"வாய்க்குப் போயிருமேடா!"

"போகாது."

வலது கையைச் சஹனின் ஓரத்தில் வைத்து, ஒரே ஒரு கிராம்பை விரலால் உருட்டிக்கொண்டிருந்தான். கறி வாசனை மூக்கைத் துளைத்தது. கை இரண்டு தடவை வாய்க்குப் போனது. மூன்றாவது தடவை பாதி வழியில் நின்று, கிராம்புக்கே திரும்பி வந்தது.

சுல்தான் ஒவ்வொரு பருக்கையாக நலம் விசாரித்துக்கொண்டிருந்தான்.