ஆளில்லாமல் ஓடிய டேட்டம் வண்டி

பாட்டுப் போட்டால் ஹொரேஸ் டேட்டம் காணாமல் போவார். மோட்டார் சைக்கிள் மட்டும் போகும். ஹெல்மெட், தோல் மேல்சட்டை, அதில் தைத்த மோட்டார் சைக்கிள் கிளப் சின்னம், உள்ளே இருந்த நூற்றுப் பத்து கிலோ மனிதர் எல்லாம் மறைந்து, சீட் மட்டும் அமுங்கியிருக்கும். அலபாமாவில் வில்லோ பென்ட் என்ற சிற்றூரில் இதை முதலில் பார்த்தவர்கள் ஆராதனை முடிந்து சர்ச் வாசலில் நின்ற கூட்டத்தார். பார்த்துவிட்டு, இந்த வருஷம் சோளம் சுமார்தான் என்ற பேச்சைத் தொடர்ந்தார்கள்.

ஹொரேஸ் காகித ஆலையில் முப்பத்தோரு வருஷம் உழைத்து ஓய்வு பெற்ற வாரமே அந்தப் பெரிய வண்டியை வாங்கியவர். முன்முகப்பில் இடமொன்று வலமொன்றாக இரண்டு ஸ்பீக்கர் பொருத்திக் கொடுத்தவர் அவருடைய நண்பர் லூதர் பெட்வே. அடுத்த வருஷம் கால் பக்கம் இரண்டு, அதற்கடுத்த வருஷம் பின்பெட்டி மூடிகளில் இரண்டு. லூதர் டியூன் செய்கிற விதம் ஊரறிந்தது. வண்டியைக் கிளப் மைதானத்தில் ஸ்டாண்டில் நிறுத்துவார், ஆறடி தள்ளிக் கைகட்டி நிற்பார், எதிரே முடிவெட்டும் கடையின் கண்ணாடி அதிர்ந்தால் வேலை முடிந்தது. சீட்டில் உட்கார்ந்து கேட்டதே இல்லை. அடுத்தவன் வண்டியில் உட்காருவது அடுத்தவன் கட்டிலில் படுப்பதற்குச் சமம் என்பது கிளப் சட்டம். அதனால் சீட்டில் என்ன கேட்கிறது என்பது ஹொரேஸ் ஒருவருக்கே தெரியும். அவர் ஒவ்வொரு வருஷமும் இன்னும் கொஞ்சம் பேஸ், நெஞ்சில் முட்டும் அடித்தொனி, வேண்டும் என்பார், அதற்கு மேல் வாய் திறக்கமாட்டார்.

இரண்டு ஸ்பீக்கர் இருந்த காலத்தில் பாட்டை நிறுத்திய கணமே திரும்பி வந்துவிடுவார். நாலாக ஆனதும் ஒரு தட்டு வறுத்த மீன் தின்று முடிக்கிற நேரம் ஆயிற்று; முள்கரண்டி தானாக எழும்பித் தானாக இறங்கும். "வாய் எங்க இருக்குன்னு தெரிஞ்சா தொடச்சாவது விடுவேன்," என்பாள் அவர் மனைவி வெர்னா. ஆறானதும் ஞாயிறு மறைந்தவர் செவ்வாயன்று வந்தார். இடது காது மட்டும் புதன்கிழமை வந்து சேர்ந்தது. மூத்த மகன் கல்யாணப் படத்தில் வெர்னா காற்றின் தோளில் கைபோட்டு நிற்கிறாள். இந்த ஏப்ரலில் புதிய ஆம்ப்ளிஃபயர் ஏறியது. அதன் பிறகு அவர் தெரிய ஆறு நாளுக்கு மேல் பிடித்தது. ஊர்க்காரர்கள் அமுங்கிய நாற்காலி எதுவென்று பார்த்து, அதை விட்டு அடுத்ததில் உட்காரப் பழகிக்கொண்டார்கள்.

மகள் ஜெரிலின் மட்டும் பழகவில்லை. டேட்டம் குடும்பத்தில் கல்லூரி வாசல் மிதித்த முதல் ஆள் அவள். மின்பொறியியல் படித்தாள், பாதிச் செலவுக்குப் பெட்ரோல் பங்க் கழிவறை கழுவினாள். வருகிற சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் பட்டமளிப்பு. மொத்தக் கிளப்பும் பாட்டோடு அவளைக் கல்லூரிக்கு அழைத்துப்போவதாகத் தீர்மானம், முன்னால் போவது அப்பாவின் வண்டி. அப்படியானால் அவள் பட்டம் வாங்கும் படத்தில் அப்பா இருக்கவேண்டிய இடத்தில் ஒரு செடித்தொட்டி தெரியும்.

"டாடி, இடப்பக்கம் பூரா பிளஸ்ஸும் மைனஸும் மாத்திக் குடுத்திருக்கு. ஒரு பக்கம் காத்தத் தள்ளுது, ஒரு பக்கம் இழுக்குது. நடுவுல நீங்க அடிபட்டுப் போறீங்க. நான் பிரிச்சுப் பாக்கறேன்."

"லூதர் முப்பது வருஷமா வயர் முறுக்கறான். தொடாத."

அவர் மறுத்ததற்கு இன்னொரு காரணம் இருந்தது. கவுண்டி என்கிற மாவட்ட எல்லை வரை போகும் பதினோரு மைல் சாலையில் நாற்பது வருஷமாக அவரைப் போலீஸ் நிறுத்தியிருக்கிறது. பின்விளக்கு மங்கல், நம்பர் பலகையில் சேறு, இந்த நேரத்தில் எங்கே போகிறாய். டெபுடி என்கிற வெள்ளைக்காரக் கவுண்டி போலீஸ்காரர்களுக்குக் கறுப்பு மனிதன் தெரியாமல் போனதும் எல்லாம் நின்றது. ஒரே ஒரு புதிய டெபுடி வண்டியை மறித்து, ஆளில்லாமல் ஓட்டிய குற்றத்துக்கு அபராதச் சீட்டு எழுதினான். யாரிடம் கொடுப்பதென்று தெரியாமல் தானே மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டான். அதற்குப் பிறகு ஹொரேஸ் அந்தச் சாலையில் கால் நீட்டி ஓட்டினார். இது ஜெரிலினுக்கும் தெரியும். தெரிந்ததால் கோபம் கூடத்தான் செய்தது. நிம்மதியாக வண்டி ஓட்ட ஒருவர் இல்லாமல் போகவேண்டும் என்கிற ஊரில் எதன் மேல் கோபப்படுவதென்று அவளுக்குக் குழப்பமே இல்லை. முதலில் ஸ்பீக்கரைச் சரி செய்வது, மற்றதைப் பிறகு பார்ப்பது.

பட்டமளிப்புக்கு முந்தைய ஞாயிறு மதியம் கிளப் மைதானத்தில் மீன் பொரிந்துகொண்டிருந்தது. ஹொரேஸ் இன்னும் பாட்டுப் போடவில்லை, முழுதாகத் தெரிந்தார். லூதர் அவளைப் பார்த்துக் கேட்டார்:

"என்னம்மா எஞ்சினியர், புஸ்தகத்துல பேஸ் கேக்குதா?"

"லூதர் அங்கிள், ஆறடி தள்ளி நின்னு கொழம்புக்கு உப்பு பாக்கற ஆளு நீங்க."

சிரிப்பு அடங்குவதற்குள் அவள் போய் அப்பாவின் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். ஒருவர் தொப்பியைக் கழற்றினார். ஜெரிலின் பாட்டைத் தட்டினாள், மறைந்தாள். எதிர்க்கடைக் கண்ணாடி அதிர்ந்தது. காலிச் சீட்டிலிருந்து அவள் குரல் வந்தது.

"டாடி, இங்க பேஸே இல்ல. வெறும் தகரச் சத்தம். நாலு வருஷமா இதத்தான் கேட்டீங்களா?"

ஹொரேஸ் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தார். "எல்லாரும் கண்ணாடி அதிருதுங்கறாங்க. எனக்கு ஒண்ணும் கேக்கல. ஆலைச் சத்தத்துல காது போயிடுச்சுன்னு நெனச்சேன் பாப்பா. வெளிய சொன்னா கெழவன்னு வண்டிய வாங்கி வெச்சிடுவீங்க."

லூதர் தன் கைகளைக் கட்டுவதற்கு இடம் தெரியாமல் நின்றார். பாட்டு நின்றது. முதல் தடவை மறைந்தவள் என்பதால் ஜெரிலின் மறைந்தது அரைமணியோடு போயிற்று. அதற்குள் கண்ணுக்குத் தெரியாத கையொன்று திருப்புளியோடு இடப்பக்க மூடியைக் கழற்றி, ஒரு சின்னச் சதுர பேட்டரியை வயரில் தொட்டுக் காட்டியது. வலப்பக்கக் கூம்பு வெளியே துள்ளியது, இடப்பக்கம் உள்ளே போயிற்று. லூதர் குனிந்து பார்த்தார். "மூணு தடவையும் அதே தப்ப ஒழுங்கா செஞ்சிருக்கேன்," என்று சொல்லிவிட்டு அடுத்த மூடியைத் தானே கழற்றினார்.

ஆறையும் சரிசெய்த பின் ஹொரேஸ் ஏறி உட்கார்ந்து பாட்டைப் போட்டார். பேஸ் வந்து நெஞ்சில் மோதியது. அவர் எங்கும் போகவில்லை. எல்லோரும் பார்க்க, பெரிய மனிதர், அழுதார்.

சனிக்கிழமைப் படத்தில் அவர் இருக்கிறார். ஜெரிலினின் தொப்பி அவர் தலையில் இருக்கிறது. இரண்டு காதும் தெரிகின்றன.

அடுத்த வாரம் அவர் கேட்டுக்கொண்டபடி ஜெரிலின் கைப்பிடிக்குக் கீழே ஒரு சுவிட்ச் வைத்துக் கொடுத்தாள். மேலே தள்ளினால் ஆறு ஸ்பீக்கரும் ஒரே பக்கம் தள்ளும். கீழே தள்ளினால் இடப்பக்கம் பழையபடி இழுக்கும், அவர் மறைவார். அந்தப் பதினோரு மைலுக்கு மட்டும் என்பது ஒப்பந்தம். முன்போல நாள் கணக்கில் காத்திருக்க வேண்டாம், சரியான பேஸ் நெஞ்சில் மோதிய கணமே தெரிந்துவிடுவார். லூதரும் ஒன்று கேட்டார். பிறகு கிளப்பில் இருபத்திரண்டு பேர் கேட்டார்கள்.

இப்போது ஞாயிறு பிற்பகல்களில் அந்தச் சாலையில் இருபத்து நாலு வண்டிகள் ஆளில்லாமல், இரண்டிரண்டாக, இடைவெளி தப்பாமல் போகின்றன. டெபுடி தன் காரில் அமர்ந்து சாண்ட்விச் தின்கிறான். எல்லைப் பலகையைத் தாண்டியதும் சுவிட்சுகள் மேலே போகின்றன, சீட்டுகள் நிரம்புகின்றன, பேஸ் தொடங்குகிறது.