நூற்று எண்பத்தாறு வீண் அழைப்புகள்

அவசர உதவி மையத்தில் பதினொரு வருடமாகப் போன் எடுக்கும் அவளுக்கு இந்த உலகத்தில் இரண்டே பேர் மேல்தான் தீராத எரிச்சல். ஒருவர், ஏசியைப் பதினெட்டில் வைத்துவிட்டுத் தான் மட்டும் ஸ்வெட்டர் போட்டுக்கொள்ளும் சூப்பர்வைசர். இன்னொருவர், அவள் முகம்கூடப் பார்த்திராத ஒரு செல்போன் ரிப்பேர்க்காரர்.

செல்போனின் பக்கவாட்டுப் பொத்தானை ஐந்து முறை அமுக்கினால் அவசர உதவிக்கு அழைப்பு போக வேண்டும், சிம் இல்லாவிட்டாலும் போக வேண்டும் என்பது சட்டம். நல்ல சட்டம்தான், யார் இல்லை என்றது? ஆனால் பொத்தானைப் பழுது பார்த்தவர் அதை அமுக்கிப் பார்க்காமல் வேறென்ன செய்வார்? தினம் நாலைந்து தடவை அவள் காதில் வந்து விழுவார்.

"மேடம், ரிப்பேர் கடைங்க. சும்மா டெஸ்ட். மன்னிச்சுக்குங்க."

பேசாமல் வைத்தால் இங்கே பதறிப்போவோம், சொல்லிவிட்டு வையுங்கள் என்று ஒருநாள் திட்டியது அவள்தான். அதற்குப் பிறகு மனிதர் சொல்லாமல் வைத்ததே இல்லை. சொன்னதோடு விட்டாரா? இரண்டே வாரத்தில் 'மேடம்', 'தங்கச்சி' ஆகிவிட்டது. கடை மாடிப்படிக்கு அடியில் இருப்பது, அவருக்குச் சர்க்கரை வியாதி, வேலை மும்முரத்தில் சாப்பாட்டை மறந்து மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொள்வது, எல்லாம் கேட்காமலே தெரிந்துபோனது.

"அண்ணே, இது அவசர லைன். கதை பேசுற இடமில்ல" என்று எரிந்து விழுவாள்.

சிம் இல்லாத போனிலிருந்து வந்தால் நம்பர் தெரியாது. தெருப் பெயர் மட்டும் திரையில் வரும். அந்தத் தெரு வந்தாலே பக்கத்து சீட்டுக்காரி, "உங்க அண்ணன்டி!" என்று அவளிடம் தள்ளிவிடுவாள்.

இந்தத் தொல்லைக்கு முடிவு கட்ட ஒரு சட்டத்திருத்தம் யோசனைக்கு வந்தது. அது நிறைவேறினால், சிம் இல்லாத போனிலிருந்து இனி அழைக்கவே முடியாது. அதற்காகச் சட்டசபைக் குழு வீண் அழைப்புகளின் பட்டியலைக் கேட்டிருந்தது. அவள் குஷியாகத்தான் பட்டியல் போட உட்கார்ந்தாள்.

அன்று மதியம் இரண்டரைக்கு அந்தத் தெரு திரையில் வந்தது.

"சொல்லுங்கண்ணே."

பதில் இல்லை. ஒரு ஃபேன் கடகடவென்று ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. இருபது விநாடி பேச்சு இல்லையென்றால் இயந்திரம் தானாகவே துண்டித்துவிடும். துண்டித்தது. 'வீண்' என்று பதிவும் செய்துகொண்டது.

அவள் எழுந்து சூப்பர்வைசரிடம் ஓடினாள்.

"சார், ஆம்புலன்ஸ் அனுப்பணும்."

"அந்த ரிப்பேர்க்காரனுக்கா? டெஸ்ட் காலும்மா அது."

"டெஸ்ட்டுன்னா சொல்லியிருப்பாரு சார். சொல்லாம வைக்கிற ஆளே கிடையாது."

"அந்தத் தெருவுல நூறு கடை இருக்கு. எங்கன்னு போய்த் தேடுவாங்க?"

"மாடிப்படிக்கு அடியில. சர்க்கரை வியாதிக்காரரு. மத்தியானம் சாப்பிட்டிருக்க மாட்டாரு."

சூப்பர்வைசர் அவளை ஒரு மாதிரிப் பார்த்தார். பிறகு, "அனுப்பு" என்றார்.

ஒன்பது நிமிடம் கழித்துத் தகவல் வந்தது. சர்க்கரை இறங்கித் தரையில் நினைவில்லாமல் கிடந்தாராம். கையில் யாரோ பழுது பார்க்கக் கொடுத்த போன். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் ஆள் பிழைத்திருக்க மாட்டார் என்றார்கள். அவள் ஹெட்செட்டைக் கழற்றி வைத்துவிட்டு, எல்லாரும் பார்க்கவே அழுதாள்.

குழு கூடிய நாளில் பட்டியலோடு அவரையும் கூட்டிக்கொண்டு போனாள். குழுத் தலைவி மூக்குக்கண்ணாடியை இறக்கிப் படித்துவிட்டு, "ஒரே தெருவுலேருந்து நூத்தி எண்பத்தாறு வீண் அழைப்பா? அநியாயமா இருக்கே!" என்றார்.

பின்வரிசையில் இருந்து, கையில் சாப்பாட்டு டப்பாவோடு அவர் எழுந்தார்.

"அவ்வளவும் நான் பண்ணினதுதாங்க. நூத்தி எண்பத்தஞ்சு வீண்தான், ஒத்துக்கிறேன். ஆனா கடைசியா ஒண்ணு இருக்கு பாருங்க, அதையும் உங்க மெஷின் வீண்னுதான் எழுதியிருக்கு. அப்ப நான் செத்துக்கிட்டு இருந்தேன்."

தலைவி கண்ணாடியைக் கழற்றினார்.

திருத்தம் வேறு மாதிரியாக வந்தது. சிம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அழைப்பு போகும். பழுது பார்ப்பவர்கள் சோதித்துப் பார்க்கத் தனியாக ஓர் எண். மறுநாளிலிருந்து அந்தத் தெரு திரையில் வருவது நின்றுபோனது. அப்பாடா என்று இருக்க வேண்டியதுதானே? அவளுக்கு என்னவோ இருப்புக் கொள்ளவில்லை.

ஒரு மணிக்கு, சாப்பாட்டு இடைவேளையில், சொந்தப் போனை எடுத்து அவர் கடைக்கு அழைத்தாள்.

"அவசர உதவி மையம்ங்க. சும்மா டெஸ்ட். மன்னிச்சுக்குங்க" என்றாள். "சாப்பிட்டாச்சா அண்ணே?"