அந்தரத்தில் நின்ற சுவர்

நான்கு டன் எடையுள்ள கான்கிரீட் சுவர் ஆறாவது மாடிக்கு மேலே அந்தரத்தில் தொங்கியது. அதைத் தூக்கிப் பிடித்திருந்த கிரேன்காரனுக்குத் தன் வலது கையில் விரல்கள் இருப்பதே தெரியவில்லை.

கிரேனின் உச்சியில், ஓர் ஆள் மட்டும் உட்காரக்கூடிய கண்ணாடிக் கூண்டில் இருந்தான். கீழே மாடி விளிம்பில் மூன்று பேர் சுவரை வாங்கிப் பொருத்தக் காத்திருந்தார்கள். அவர்களோடு வாக்கி டாக்கியை வைத்துக்கொண்டு வழி சொன்னவன் அவனுடைய மச்சான், மனைவியின் அண்ணன்.

"மாப்ள, இன்னும் ரெண்டு மீட்டர் இறக்கு. மெதுவா."

கிரேன் அசையவில்லை.

மூன்று வாரமாக அவன் ஒருநாள்கூட லீவு எடுக்கவில்லை. வீட்டில் நான்கு மாத இரட்டைக் குழந்தைகள். முறை வைத்த மாதிரி, ஒன்று தூங்கினால் மற்றது விழித்துக்கொள்ளும். மனைவி மறுபடி வேலைக்குப் போகத் தொடங்கியிருந்தாள். கட்டடம் ஒரு மாதம் பின்தங்கிவிட்டதென்று மேற்பார்வையாளர் தினமும் காலையில் தொண்டை கிழியக் கத்துவார். யார் விசாரித்தாலும் "நல்லாத்தான் இருக்கேன்" என்பான். அன்று வெறும் வயிற்றில் மூன்று காபியோடு ஏறியிருந்தான்.

நெஞ்சு படபடவென்று அடித்தது. மூச்சு பாதி வழியிலேயே திரும்பியது. செத்துவிடுவோம் என்று நினைத்தான். சாவதற்குள் இந்தச் சுவரை எங்கே வைப்பது என்றும் நினைத்தான்.

காற்று பலத்தது. சுவர் மெல்லத் திரும்பியது. கீழே ஒருவன் சட்டென்று பின்வாங்கினான்.

"மாப்ள, கேக்குதா?"

"கை வரலை மச்சான்."

மச்சான் அந்த மூன்று பேரையும் தூண்களுக்குப் பின்னால் போகச் சொன்னான். அதற்குள் மேற்பார்வையாளரின் குரல் குறுக்கே வந்தது. "என்னப்பா தாமதம் அங்க?"

"சார், கொஞ்ச நேரம் பேசாம இருங்க," என்றான் மச்சான். பிறகு குரலைத் தாழ்த்தினான். "மாப்ள, லீவரை விட்டுடு. விட்டா பிரேக் தானா பிடிச்சுக்கும், உனக்கே தெரியும். விட்டியா?"

"விட்டுட்டேன்."

"சுவர் எங்கயும் ஓடிடாது. ரெண்டு காலையும் தரையில நல்லா அழுத்து. மூச்சை இழுக்காத, முதல்ல வெளிய விடு. நான் ஆறு எண்ணுற வரைக்கும் ஊது."

மச்சான் எண்ணினான். மறுபடி எண்ணினான்.

"தங்கச்சிக்கு வலி வந்தப்போ நர்ஸ் சொல்லிக்குடுத்தது இது. நீ பக்கத்துலதான் நின்ன. ஆனா மயங்கி விழுந்துட்ட."

கூண்டுக்குள் அவனுக்கு அழுகையும் சிரிப்பும் கலந்து ஒரு சத்தம் வந்தது. அதோடு முழு மூச்சும் வந்தது. காற்றின் வேகம் காட்டும் முள் சிவப்புக் கோட்டை நெருங்கியிருந்தது.

"காத்து ஏறுது மச்சான்."

"ஆமா. இங்க பொருத்த வேணாம். பின்னாடி காலி இடத்துல இறக்கிடலாம். இப்போதைக்குத் திருப்பினா போதும். மத்ததை அப்புறம் பாத்துக்கலாம்."

பதினோரு நிமிடம் கழித்துச் சுவர் மண்ணில் உட்கார்ந்தது.

ஏணியில் அவன் நின்று நின்று இறங்கி வந்தபோது சட்டை பிழியும்படி நனைந்திருந்தது. மேற்பார்வையாளர் அடியில் காத்திருந்தார்.

"மதியம் இன்னும் எட்டு சுவர் இருக்கே."

"நான் ஏற மாட்டேன் சார். எனக்கு முடியல."

"முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

"சொன்னா விட்டிருப்பீங்களா?"

அவர் ஹெல்மெட்டைக் கழற்றி, தலையைத் துடைத்துக்கொண்டு, மாற்று ஆளுக்குப் போன் போட்டார்.

மருத்துவமனையில் இதயம் நன்றாக இருக்கிறதென்றார்கள். தூங்கி எத்தனை நாளாயிற்று என்று டாக்டர் கேட்டதற்கு அவனால் கணக்குச் சொல்ல முடியவில்லை. வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, மூன்று வாரமும் விழுங்கி வைத்திருந்ததையெல்லாம், தகவல் கேட்டு வந்த மனைவியிடம் கொட்டினான்.

"என்கிட்ட இதைச் சொல்ல உங்களுக்கு நாலு டன் சுவர் தேவைப்பட்டுச்சா?" என்றாள். கோபமாகத்தான் கேட்டாள். ஆனால் அவன் கையை விடவில்லை.

நான்கு நாள் லீவு கிடைத்தது. இரவுகளை அவனும் மனைவியும் மச்சானும் பங்கு போட்டுக்கொண்டார்கள். முதல் நாள் காலையில் அவன் கண் விழித்தபோது வீடு அமைதியாக இருந்தது. பயந்துபோய் எழுந்து ஓடினான். கூடத்தில் மச்சான் மல்லாந்து கிடந்தான். நெஞ்சில் ஒரு குழந்தை, கையில் ஒன்று, மூன்று பேருக்கும் வாய் திறந்திருந்தது.

ஐந்தாம் நாள் சாப்பிட்டுவிட்டுக் கிரேன் ஏறினான். பதினோரு மணிக்கு வாக்கி டாக்கியை எடுத்தான்.

"சார், பத்து நிமிஷம் நிறுத்துறேன்."

"சரி, நிறுத்து," என்றார் மேற்பார்வையாளர்.